சுள்ளியின் ஏழாம் நம்பர்

சுள்ளி என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். கை கால் எல்லாம் குச்சி குச்சியாக இருக்கும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, "காத்து பலமா அடிக்குது, கொடியப் பிடிச்சுக்கோ, பறந்துடப் போற" என்று வம்புக்கு இழுத்தேன். "நீங்க பக்கத்துல நின்னா போதும் அண்ணி, காத்தே வராது" என்றாள். நான் அப்போதே கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். நாத்தனார் விஷயத்தில் ஜாக்கிரதையாக இரு என்று ஆளாளுக்குப் புத்திமதி சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு பதிலில் அதெல்லாம் மறந்துபோயிற்று.

எட்டு வருஷம் கழித்து, வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என் வீட்டுக்காரர் திரும்ப எழுந்திருக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. சுள்ளிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்க்க வந்த இரண்டு குடும்பமும் அவள் உடம்பைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். என் அம்மா வீட்டார் வந்து என்னைக் கூட்டிப்போகப் பேசினார்கள். "அண்ணி வராங்கன்னா நானும் வரேன். எனக்கும் படுக்க ஒரு இடம் பார்த்து வைங்க" என்று சிரிக்காமல் சொன்னாள். வந்தவர்கள் கிளம்பினார்கள். அப்புறம் நாங்கள் இரண்டு பேர், இரண்டு அறை, ஒரு குளியலறை.

அவள் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மூன்றாம் மாடியில் டெக்னீஷியன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ ஆள் தேவை என்று தெரிந்ததும், தன் ஆய்வகத்தை நடத்துகிற மேடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாள். வேடிக்கை என்னவென்றால் என் வேலை நிரந்தரம். அவளுடையது தற்காலிகம், வருஷா வருஷம் ஒரு கடிதம் கொடுத்து நீட்டிப்பார்கள். கழுவுகிறவளுக்கு ஒரு நியாயம், படித்தவளுக்கு ஒரு நியாயமா என்று நான் பஸ்ஸில் சத்தம் போடுவேன். "மெதுவா பேசுங்க, உங்க வேலையையும் தற்காலிகம் ஆக்கிடப் போறாங்க" என்பாள்.

அவள் செய்தது ஈஸ்ட்டைப் பட்டினி போடும் வேலை. ரொட்டி மாவை உப்ப வைக்குமே, அதே ஈஸ்ட். அதை நன்றாக வளர்த்து, பிறகு சாப்பாட்டை எல்லாம் கழுவி எடுத்துவிட்டு, சர்க்கரை மட்டும் இருக்கிற, நைட்ரஜன் துளிகூட இல்லாத ஒரு தண்ணீரில் விடுவார்கள். பட்டினித் தண்ணி என்று அவர்களுக்குள் பெயர். தினமும் அதில் ஒரு சொட்டு எடுத்து, சாப்பாடு உள்ள தட்டில் தடவி வைப்பாள். உயிரோடு இருந்த ஒவ்வொன்றும் இரண்டு நாளில் பெருகி ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் அவள் உத்தியோகம். மற்றவர்கள் மிஷினில் எண்ணிவிட்டு, சந்தேகம் வந்தால் அவளிடம் கொண்டுவருவார்கள்.

எதற்கு இந்தக் கொடுமை என்று ஒருநாள் காய் நறுக்கும்போது கேட்டேன்.

"கடையெல்லாம் மூடிட்டாங்கன்னு வைங்க. வெளியில இருந்து எதுவும் வராது. என்ன பண்ணுவீங்க?"

"உன்னைத் திட்டுவேன்."

"அது எப்பவும் இருக்கறது. அப்புறம்?"

"வீட்ல இருக்கறத வச்சு ஓட்டுவேன். பழைய போர்வையக் கிழிச்சுத் தலையணை உறை தைப்பேன்."

"அதேதான். ஈஸ்ட்டும் தன் உடம்புக்குள்ள பழசு, உடைஞ்சது எல்லாத்தையும் ஒரு உறையில சுத்தும். உள்ள ஒரு பை இருக்கு. அதுல கொண்டு போய்க் கரைச்சு, கிடைக்கறத வச்சுப் புதுசா செஞ்சுக்கும். தன்னைத் தானே தின்னுதான் தாக்குப்பிடிக்கும். தன்னுண்ணல்னு சொல்லுவோம். அதுக்குன்னே முப்பது நாப்பது மரபணு இருக்கு."

"அதுல ஒண்ண எடுத்துட்டா?"

"முக்கியமான ஒண்ண எடுத்துட்டா, நாலஞ்சு நாள்ல செத்துடும். தின்ன வேண்டியது பக்கத்துலயே இருக்கும், தின்னத் தெரியாது."

இதைக் கேட்டால் சிலர் உடனே தாய், தியாகம் என்று உருக ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. "அதுக்கு யார் மேலயும் பாசம் கிடையாது அண்ணி. பசிக்குது, அவ்வளவுதான்" என்பாள்.

கீழ்த்தளத்தில் என் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். சோப்பு, அப்புறம் குழாய்த் தண்ணீர் ஏழு தரம், அப்புறம் வடித்த தண்ணீர் மூன்று தரம், வேறு எதுவும் கூடாது. பதினோரு வருஷம் நான் அதைத் தாண்டியதில்லை. ஒரே ஒரு நாள் ஒரு ஃபிளாஸ்க்கின் அடியில் சிவப்புச் சாயம் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. வீட்டில் செய்வதுபோல் சோடா உப்பைக் கரைத்து ஊற வைத்தேன். சாயம் போயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சோடாவைக் கொட்டிவிட்டு அப்படியே கவிழ்த்துக் காய வைத்தேன். உள்ளே லேசாக மங்கியிருந்தது. தண்ணீர் பட்டால் தெரியாது. பத்து தரம் அலச வேண்டியதை ஒரு தரம்கூட அலசவில்லை.

அந்த ஃபிளாஸ்க் சுள்ளியிடம் போய், வரிசையில் ஏழாவதாக நின்றது. அன்றைக்கு அவள் போட்டிருந்தது எல்லாம் மரபணு எடுத்த ஈஸ்ட், ஐந்து நாளில் சாக வேண்டியவை. ஒன்பதாம் நாள் ஏழாம் நம்பரில் மட்டும் தட்டு நிறையப் புள்ளி. எண்ணி முடித்துவிட்டு அவள் படியில் தடதடவென்று இறங்கி வந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"அண்ணி, சாக வேண்டியது சாகல. அதுக்குள்ள வேற ஏதோ ஒரு மரபணு மாறியிருக்கு. தின்னத் தெரியாமலே பிழைக்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு."

ஏழிலிருந்து ஒரு புள்ளியை எடுத்துத் தனியாக வளர்த்தாள். ஏழாம் நம்பர் என்பது அதன் பெயராகவே ஆகிவிட்டது. மறுநாள் பஸ்ஸில் என் தோளில் இடித்து, "அது ராசியான ஃபிளாஸ்க் அண்ணி. இனிமே என் ஃபிளாஸ்க் எல்லாத்தையும் அதே மாதிரி கழுவிக் குடுங்க" என்றாள். விளையாட்டாகச் சொன்னாள். நான் பன்னிரண்டு ஃபிளாஸ்க்கைப் பொறுக்கி எடுத்து, கழுத்தில் நீல டேப் ஒட்டி, அவளுக்கென்று ஒதுக்கினேன். ஏழு தரம், மூன்று தரம் எல்லாம் முடித்த பிறகு, கடைசியாகச் சோடாத் தண்ணீரில் ஒரு சுழற்று சுழற்றிக் கவிழ்ப்பேன். வேறு யாருக்கும் செய்ததில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அவளும் ஒரு தப்புச் செய்தாள். ஒப்பிட்டுப் பார்க்கிற பழைய ஈஸ்ட்டைப் பொது ஃபிளாஸ்க்கில் போடுவாள். ஏழாம் நம்பரை மட்டும் நீல டேப் ஃபிளாஸ்க்கில் போடுவாள். இரண்டையும் ஒரே மாதிரி ஃபிளாஸ்க்கில் போட்டால்தான் ஒப்பிட முடியும். அவ்வளவு விவரமானவள், தன் பிள்ளைக்குத் தன் வீட்டுத் தட்டு என்பதுபோல் நடந்துகொண்டாள். பழையது செத்தது, ஏழு பிழைத்தது. மூன்று தரம் செய்தும் அதேதான்.

அந்த வருஷம் மூன்றாம் மாடிக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. வயது வரம்பு நாற்பத்தைந்து. அவளுக்கு நாற்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. "ஏழாம் நம்பரப் பத்தின நம்ம கட்டுரை வெளிய வந்துட்டா உன் பேரத்தான் எழுதி அனுப்பப் போறேன்" என்று மேடம் சொல்லியிருந்தார். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் கண்டுபிடித்ததை எண்ணிக் கொடுத்தவள். இப்போது எண்ணியதும் அவள், கண்டுபிடித்ததும் அவள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினாள். எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. சும்மா" என்றாள். இரண்டு வருஷம் அந்தச் சந்தோஷத்தில் ஓடியது. அலுவலக வேலை ஆமை நடை. அந்த இடத்தை நிரப்பாமலே இழுத்தார்கள், வரம்பையும் அவளைப் போன்றவர்களுக்காகத் தளர்த்தினார்கள்.

பிறகு வேறொரு ஊர் ஆய்வகத்துக்கு ஏழாம் நம்பரை அனுப்பினார்கள். ஐந்து நாளில் செத்துவிட்டது என்று பதில் வந்தது. மேடம் தன் ஆய்வகத்திலேயே வேறொருவரைச் செய்யச் சொன்னார். செத்தது. சுள்ளி செய்தாள், பிழைத்தது. அவள் கையில் மட்டும் பிழைத்தது. ஒருவர் கையில் மட்டும் நடக்கிற விஷயத்துக்கு அந்த உலகத்தில் ஒரே அர்த்தம்தான். எண்ணியதை எண்ணியபடி எழுதவில்லை என்று அர்த்தம்.

இதில் ஒன்றையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் கண்டதெல்லாம், தட்டில் போட்டது அப்படியே இருப்பதும், ஒட்டியிருந்த கன்னம் இன்னும் ஒட்டிப்போனதும்தான். மேலே ஏதோ சரியில்லை என்று புரிந்தது. என்னால் முடிந்ததைச் செய்தேன். சோடாவை இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்தேன்.

ஒரு சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் தானாகவே பேச ஆரம்பித்தாள். எல்லோரும் சந்தேகப்படுவதைச் சொன்னாள். இரண்டு உதவியாளர்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்துவதைச் சொன்னாள். அப்புறம், "இன்னிக்கு ஒண்ணு பார்த்தேன் அண்ணி. பட்டினில கிடக்கற ஈஸ்ட் தன் தண்ணியப் புளிக்க வச்சிடும். அந்தப் புளிப்புலயே பாதி சாகும். என் ஃபிளாஸ்க்ல, புளிப்பு இருந்தா நிறம் மாறுற காகிதத்த நனைச்சுப் பார்த்தா, தண்ணி புளிக்கவே இல்ல. ஏன்னு புரியல" என்றாள்.

புளிப்பை எது முறிக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வயிறு எரிந்தால் என் வீட்டுக்காரருக்குச் சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்ததே நான்தான். "படுத்துக்கோ, காலைல பாக்கலாம்" என்றேன். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, பஸ் நிறுத்தத்தில், இனிமேல் முடியாது என்று ஆனபோது சொன்னேன்.

"சுள்ளி, உன் ஃபிளாஸ்க்க நான் சோடால அலசறேன்."

"சரி. அப்புறம் தண்ணி விட்டுடுவீங்கல்ல?"

"விடறதில்ல."

எங்கள் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

"எத்தன நாளா?"

"ஏழாம் நம்பர்ல இருந்து. ராசின்னு நீதான சொன்ன."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டாள். அப்புறம், "சோடாவோட அளவு எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டாள். ஒரு கைப்பிடி என்றேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

ஆறு ஃபிளாஸ்க்கைத் தன் கையால் தாளில் இருக்கிறபடி கழுவினாள். ஆறை என்னைச் சோடாவில் அலசித் தரச் சொன்னாள். எல்லாவற்றிலும் ஏழாம் நம்பரைப் போட்டாள். ஐந்து நாள் பட்டினி, புள்ளி வர இரண்டு நாள். அந்த ஏழு நாளும் நான் வேண்டிக்கொண்டது என்னவென்றால், சோடாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்பதுதான். சம்பந்தம் இல்லாமல் இருந்தால் அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. எட்டாம் நாள் மதியம் என்னை மேலே கூப்பிட்டு, தட்டுகளை வரிசையாக வைத்தாள். சோடா ஆறிலும் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளி. தண்ணீர் விட்டுக் கழுவிய ஆறும் வெறிச்சென்று இருந்தன. ஒன்றின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

"இதுல மூணு இருக்கே" என்றேன்.

"மூணு பத்தாது அண்ணி."

இரண்டு வருஷம் அவள் ஆசையாக வளர்த்த ஏழாம் நம்பர், மற்ற எதையும்போலச் சாதாரணமான, தின்னத் தெரியாத ஒரு ஈஸ்ட். தட்டுகளை எடுத்து அடுக்கி, மேலே தேதி எழுதினாள்.

திங்கட்கிழமை மேடத்தின் அறையில் கூட்டம். மேடத்தோடு விசாரணைக்கு வந்த இரண்டு பேராசிரியர்கள். நான் ஃபிளாஸ்க் ஏற்றுகிற தள்ளுவண்டியோடு வராந்தாவில் நின்றேன். வேலை ஒன்றும் இல்லை, கேட்கத்தான் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. அவள் தட்டுகளைக் காட்டினாள். ஏழாம் நம்பரில் ஒன்றுமில்லை, எல்லாம் சோடா செய்த வேலை, புளிப்பைத் தடுத்தால் இவை கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம்தான் என்று வரிசையாகச் சொன்னாள்.

"யாரு கழுவினது?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார்.

"கீழ சரியாத்தான் சார் கழுவிக் குடுத்தாங்க. நான்தான் மேல கொண்டு வந்து சோடால அலசினேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம். தப்புன்னு தெரியல."

"பதினெட்டு வருஷத்துக்கு மேல வேலை பாக்கறவங்களுக்கு இது தெரியாதா?" என்றார் மேடம். கோபத்தைவிட அவமானம் அந்தக் குரலில் அதிகமாக இருந்தது.

"என் கவனக்குறைவுதான் மேடம்."

எனக்கும் அந்தக் கதவுக்கும் நாலு எட்டு. உள்ளே போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஏன் போகவில்லை என்பதற்கு இத்தனை வருஷத்தில் நிறையக் காரணங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். என் வேலையும் போனால் இரண்டு பேரும் தெருவில் நிற்போம், அவள் சொன்ன பிறகு நான் மாற்றிச் சொன்னால் அவள் பொய்க்காரியாவாள், இப்படி. எல்லாம் பிற்பாடு உட்கார்ந்து யோசித்தவை. அந்த நேரத்தில் இருந்தது பயம் மட்டும்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே போய்விட்டேன்.

பொய் எழுதினாள் என்ற பழி நீங்கியது. கவனமில்லாதவள் என்ற பெயர் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நிரந்தர இடம் வேறொருவருக்குப் போயிற்று. அந்த வருஷக் கடைசியில் நீட்டிப்புக் கடிதம் வரவில்லை.

கூட்டம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம், கதவைச் சாத்தியதும் கேட்டேன்: "ஏன்டி என் பேரச் சொல்லல? நான் உனக்கு என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "உங்க பேரச் சொன்னா, எனக்குன்னு ஒருத்தங்க தனியா எடுத்து வச்சுக் கழுவினாங்கன்னு சொல்லணும். அத எப்படி அண்ணி நான் தப்புன்னு எழுதிக் குடுக்கறது?" என்றாள். பிறகு கை கால் கழுவப் போனாள். நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

மறுநாள் காலை நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார். "ட்ரே எடுக்க வந்தேன் மேடம்" என்றேன். எடுத்துக்கொண்டு வந்தேன்.

சுள்ளிக்கு ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் எண்ணுகிற வேலைதான். காலையில் ஒரே நிறுத்தத்தில் நின்று, வேறு வேறு பஸ்ஸில் ஏறினோம். இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். "ஈஸ்ட் எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பாள். "பட்டினி கிடக்குதுங்க" என்பேன். அவளிடம் வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதை விட்டுவிட்டாள். போகிறபோக்கில் இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டு கிளம்புவாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நாலு வருஷம் இருந்தேன்.

நாலாம் வருஷம் காய்ச்சல் வந்து நுரையீரலில் இறங்கியது. அவள் உடம்பில் தாங்குவதற்கு என்ன இருந்தது? ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. சலைன் சொட்டை நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணி, குறைவாகப் போகிறது என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு நாள் எண்ணவில்லை.

துக்கம் கேட்க மேடம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அவ கை மாதிரி ஒரு கை எனக்குக் கிடைச்சதே இல்ல. அந்த ஒரு தப்ப மட்டும் பண்ணாம இருந்திருந்தா எங்கயோ போயிருப்பா" என்றார். உண்மையாகவே கண்கலங்கினார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்போது மூன்றாம் மாடியில் பழைய ஆட்கள் அநேகமாக யாரும் இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக ஒரு கதை சொல்கிறார்களாம். அது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. புதிதாக வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி ஃபிளாஸ்க் வாங்கக் கீழே வந்தாள். கலகலப்பானவள், நான் யாருக்கு என்ன உறவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"அக்கா, இங்க முன்னாடி ஒரு சோடா அக்கா இருந்தாங்களாமே? ஃபிளாஸ்க்கச் சோடால கழுவி, ரெண்டு வருஷ வேலைய ஒரே அடியாக் கெடுத்தாங்களாம். நிஜமாவா? அவ்வளவு கவனமில்லாத ஆளா?"

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினேன்.

"அந்த ஃபிளாஸ்க்கக் கழுவினது நான்" என்றேன்.

அவள் சிரித்தாள். "சும்மா இருங்கக்கா. நீங்க கழுவினா அப்படி ஆகுமா? உங்க ஃபிளாஸ்க்தான் இந்தக் கட்டடத்துலயே சுத்தம்னு எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போய், இன்னொரு தரம், சத்தமாகவே சொன்னேன். அதற்குள் லிஃப்ட் மேலே போய்விட்டது.